தொலைத்தொடர்பு அருங்காட்சியகத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: தந்தி நின்றுபோனது, வட்ட டயல் போன் மறைந்தது, லேண்ட்லைனும் போய்க்கொண்டிருக்கிறது. எல்லாம் கைப்பேசிக்குள் வந்துவிட்ட பிறகு அந்தப் பழைய கருவிகளைக் காப்பாற்றி வைப்பதில் என்ன பயன்? தொலைத்தொடர்பின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள உலகில் எந்த அருங்காட்சியகங்களைப் பார்க்கலாம்?

இரண்டாவது கேள்விக்குப் பெயர்களை வரிசையாகச் சொல்லிவிடலாம். ஆனால் முதல் கேள்வியைத் தாண்டாமல் அந்த இடங்களுக்குப் போனால், கறுப்பு போன்கள் அடுக்கிய அலமாரியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

தொலைத்தொடர்புக் கருவிகளுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. பழைய நீராவி எஞ்சினை ஓர் அறையில் நிறுத்தினால், அது ஓடாவிட்டாலும் கொதிகலனும் பிஸ்டனும் சக்கரமும் கண்ணுக்குத் தெரியும். என்ன வேலை செய்தது என்று ஊகித்துவிடலாம். தொலைபேசியில் அப்படி எதுவும் தெரியாது. மறுமுனையில் இன்னொரு போன், நடுவே கம்பி, கம்பி போய்ச் சேரும் எக்ஸ்சேஞ்ச், அங்கே வேலை பார்த்த ஆட்கள், அவர்கள் கடைப்பிடித்த விதிகள் என்று இத்தனையும் சேர்ந்ததுதான் அந்தக் கருவி. வீட்டு மேசையில் இருந்தது அதன் ஒரு நுனி. ஒரு தொலைத்தொடர்பு அருங்காட்சியகத்தை நான் எடைபோடுவது இதை வைத்துத்தான்: நுனியை மட்டும் வைத்திருக்கிறார்களா, நடுவில் இருந்ததையும் காப்பாற்றியிருக்கிறார்களா?

இந்த 'நடு' மின்சாரத்துக்கு முன்பே பிறந்துவிட்டது. பிரான்ஸில் கிளோத் ஷாப் என்பவர் 1794-இல் பாரிஸுக்கும் லில் நகருக்கும் இடையே கோபுரத் தந்தியை ஓடவிட்டார். குன்றுகளின் மேலும் கட்டடங்களின் உச்சியிலும் அசையும் மரக் கைகள். ஒரு கோபுரத்தின் கைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று அடுத்த கோபுரத்து ஊழியர் தொலைநோக்கியில் பார்த்து, தன் கைகளையும் அதே நிலைக்குக் கொண்டுவருவார். இப்படியே கோபுரம் கோபுரமாகச் செய்தி நகரும். குறியீட்டு நூலில் 92 பக்கங்கள், பக்கத்துக்கு 92 பதிவுகள். முதல் சைகை பக்கத்தைச் சொல்லும், இரண்டாவது அந்தப் பக்கத்தில் எத்தனையாவது பதிவு என்று சொல்லும். இரண்டே சைகையில் 8,464 சொற்களில் ஒன்றை அனுப்பலாம். வழியில் இருக்கும் ஊழியருக்கு நூலும் தெரியாது, செய்தியின் பொருளும் தெரியாது. கண்டதைக் கண்டபடி கடத்துவது மட்டுமே அவர் வேலை. இன்றைய இணையத்தில் செய்தி கடந்து போகும் இடைக்கருவிகளிடம் நாம் எதிர்பார்ப்பதும் இதையேதான்.

பிழை திருத்தமும் மோசடியும்கூட அப்போதே வந்துவிட்டன. 1834 முதல் 1836 வரை போர்தோ நகரில் இரண்டு சகோதரர்கள், வழியில் ஒரு தந்தி ஊழியருக்குப் பணம் கொடுத்து, அரசுச் செய்திகளுக்குள் வேண்டுமென்றே ஒரு தவறான சைகையையும் அதை ரத்து செய்யும் சைகையையும் நுழைக்க வைத்தார்கள். அதிகாரப்பூர்வமான செய்தி கெடாது. ஆனால் போர்தோவில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவர்களுடைய ஆளுக்குப் பாரிஸ் பங்குச் சந்தை ஏறியதா இறங்கியதா என்று தெரிந்துவிடும். பிரான்ஸின் சாவெர்ன் நகருக்கு மேலே ஓ-பார் கோட்டை அருகில், 1798-இல் தொடங்கிய பாரிஸ்–ஸ்ட்ராஸ்பூர்க் தடத்தின் கோபுரம் ஒன்றைச் சீரமைத்து வைத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாடு இரவிலும் மூடுபனியிலும் ஏன் செத்துப்போனது என்பது அந்த இடத்தில் நின்று சுற்றிலும் பார்த்தாலே புரியும்.

மின்சாரத் தந்தியின் கதை பலருக்கும் தெரிந்தது என்பதால் வேகமாகத் தாண்டுகிறேன். 1837-இல் இங்கிலாந்தில் குக்கும் வீட்ஸ்டனும் ஐந்து ஊசித் தந்திக்குக் காப்புரிமை பெற்றார்கள். ஊசிகள் சாய்ந்து எழுத்தையே சுட்டிக்காட்டும் என்பதால் குறியீடு படிக்கத் தெரியாதவரும் செய்தியை வாசித்துவிடலாம். ஆனால் கம்பிகள் அதிகம் தேவை. அமெரிக்காவில் சாமுவேல் மோர்ஸ் 1844 மே 24 அன்று வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குச் செய்தி அனுப்பினார். அவருடைய முறைக்கு ஒரு கம்பி போதும், ஆனால் இரு முனையிலும் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். கம்பியின் செலவா, ஆளின் பயிற்சியா என்ற கணக்கில் ஒற்றைக் கம்பி வென்றது. ஐந்து ஊசிக் கருவி லண்டன் சயின்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. மோர்ஸின் முதல் செய்தி பதிந்த காகித நாடா அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது.

நின்று பார்க்க வேண்டிய இடம் கடலடிக் கேபிள். 1858 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலின் இரு கரைகளையும் கேபிள் முதன்முதலாக இணைத்தது. விக்டோரியா அரசியின் 98 சொல் வாழ்த்து போய்ச் சேர 16 மணி நேரம் பிடித்தது. இவ்வளவு தாமதம் ஏன்? செப்புக் கம்பி, அதைச் சுற்றி மின்காப்பு உறை, வெளியே உப்புத் தண்ணீர் என்று அமையும்போது முழுக் கேபிளும் ஒரு பெரிய மின்தேக்கியாகிவிடுகிறது. இந்த முனையில் 'டக்' என்று கொடுத்த துடிப்பு, அந்த முனையில் மெல்ல ஏறி மெல்ல வடியும் அலையாகத்தான் வந்து சேரும். அடுத்த துடிப்பைச் சீக்கிரம் அனுப்பினால் இரண்டும் கலந்துவிடும். மின் அழுத்தத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நம்பிய, கேபிள் நிறுவனத்தின் மின்னியலாளர் வைல்ட்மன் வைட்ஹவுஸ் சுமார் 2,000 வோல்ட் கொடுத்தார். ஏற்கெனவே பலவீனமாக இருந்த உறை அதைத் தாங்கவில்லை. சில வாரங்களில் கேபிள் ஊமையானது.

இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் எதிர்த்திசையில் யோசித்தார். அனுப்பும் முனையில் முரட்டு பலம் வேண்டாம், பெறும் முனையில் நுட்பமான காது இருந்தால் போதும் என்றார். பட்டு நூலில் தொங்கும் மிகச் சிறிய கண்ணாடி, அதன் பின்னால் ஒட்டிய காந்தத் துணுக்குகள். மிக மெல்லிய மின்னோட்டம் வந்தாலே கண்ணாடி லேசாகத் திரும்பும். அதில் பட்டுத் தெறிக்கும் ஒளிப்புள்ளி தூரத்து அளவுகோலில் இடமும் வலமும் நகரும். ஆபரேட்டர் அந்தப் புள்ளியைப் பார்த்தே செய்தியை வாசிப்பார். 1866-இல் கிரேட் ஈஸ்டர்ன் என்ற மாபெரும் கப்பல் அயர்லாந்தின் வலென்ஷியா தீவிலிருந்து நியூஃபவுண்ட்லாந்தின் ஹார்ட்ஸ் கன்டென்ட் வரை புதிய கேபிளைப் போட்டு முடித்தது. அது நிலைத்தது. நிமிடத்துக்குச் சுமார் 8 சொற்கள். தொடக்கத்தில் 20 சொல் அனுப்பக் கட்டணம் 20 பவுண்டு. அதனால் அரசுகளும் பெரிய வணிகர்களும் மட்டுமே அதைத் தொட முடிந்தது.

ஹார்ட்ஸ் கன்டென்ட் நிலையம் 1965 வரை வேலை செய்தது. இப்போது அது அருங்காட்சியகம். கேபிள் கரையேறிய கடற்கரையும் அதை வாங்கிய கட்டடமும் ஒரே இடத்தில் அப்படியே இருக்கின்றன. இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்தது, இங்கிலாந்தின் கார்ன்வால் முனையில் இருக்கும் போர்த்கர்னோ. 1870-இல் ஜிப்ரால்டர், மால்டா, சூயஸ், ஏடன் வழியாகப் பம்பாய் வரை நீண்ட கேபிள் சங்கிலியின் பிரிட்டன் முனை அந்தச் சின்னஞ்சிறு கடற்கரைதான். பிற்பாடு 14 கேபிள்கள் வரை அங்கே கரையேறின. கேபிள் முனைகள் வெளியே வரும் சிறு குடிசை போன்ற கட்டடம் இன்னும் மணலை ஒட்டி நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு அஞ்சி, கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்களைக் கொண்டு கருங்கல் மலையைக் குடைந்து நிலையத்தை உள்ளே கொண்டுபோனார்கள். அந்தச் சுரங்கங்களிலேயே இன்று அருங்காட்சியகம் நடக்கிறது. பிரிட்டிஷ் பேரரசு உலகைக் கட்டியாண்டதில் கப்பற்படைக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இந்தக் கம்பிகளுக்கும் உண்டு என்பது என் கருத்து. கம்பி வருவதற்கு முன்பு லண்டனிலிருந்து ஓர் உத்தரவு போய்ப் பதில் வரப் பல வாரங்கள் ஆகும். வந்த பிறகு மணிக் கணக்கு.

கடலடிக் கேபிளின் மின்காப்பு உறை கட்டா-பெர்ச்சா என்ற மரப்பால். மலாய்த் தீவுக்கூட்டத்தின் காடுகளில் வளரும் மரம். ஒரு மரத்தை வெட்டினால் கிடைக்கும் பால் கொஞ்சம்தான் என்பதால், தந்தி யுகத்தில் அந்த மரங்கள் கணக்கில்லாமல் சாய்க்கப்பட்டன. இங்கே அருங்காட்சியகப் பணியாளர்களை வதைக்கும் ஒரு வேடிக்கையான குணம் இருக்கிறது. கட்டா-பெர்ச்சா இருட்டிலும் குளிர்ந்த கடல்நீரிலும் பல பத்தாண்டுகள் கெடாமல் இருக்கும். வெளியே எடுத்து, காற்றும் வெளிச்சமும் படும்படி காட்சிக்கு வைத்தால் காய்ந்து நொறுங்கத் தொடங்கும். அதாவது, பார்வைக்கு வைப்பதே அதைக் கெடுக்கிறது. அப்படியிருந்தும் 1858 கேபிள் துண்டுகள் உலகின் பல அருங்காட்சியகங்களில் கிடைப்பதற்கு ஒரு காரணம் வணிகம். மிச்சமான கேபிளை நியூயார்க்கின் டிஃபனி நகைக்கடை வாங்கி, சிறு துண்டுகளாக வெட்டி, பித்தளைப் பட்டை போட்டு நினைவுப் பொருளாக விற்றது. ஓடிய சில வாரங்களில் பெரிதாக எதுவும் சாதிக்காத கேபிள், துண்டு துண்டாக நீண்ட ஆயுள் பெற்றுவிட்டது.

தரைவழித் தந்திக்கு ஓர் இடம் சொல்வதானால் ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். 1872-இல் சார்ல்ஸ் டாட் தலைமையில் வடகரையின் டார்வினிலிருந்து தெற்கே சுமார் 3,200 கிலோமீட்டர் கம்பி இழுத்தார்கள். அவ்வளவு தூரத்தில் சிக்னல் தேய்ந்துவிடும் என்பதால், வழியில் பாலைவனத்துக்குள் இடைநிலையங்கள் கட்டி, வந்த செய்தியை ஆள் கையால் திரும்ப அடித்து அனுப்பினார்கள். அவற்றில் ஒன்றுதான் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். அதன் கல் கட்டடங்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

அப்புறம் தொலைபேசி. அதைக் கண்டுபிடித்தது யார் என்பதற்கான பதில் நீங்கள் எந்த அருங்காட்சியகத்துக்குள் நுழைகிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். கனடாவின் பிரான்ட்ஃபர்டில் கிரகாம் பெல்லின் குடும்ப வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது, அங்கே பெல். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் கரிபால்டி–மெயுச்சி அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே அந்தோனியோ மெயுச்சி. ஜெர்மனியில் பிலிப் ரைஸ். அவர் 1861-இலேயே ஃபிராங்க்ஃபர்ட்டில் தன் கருவியைக் காட்டினார். அமெரிக்காவின் எலிஷா கிரே காப்புரிமைக்கான முன்னறிவிப்பைக் கொடுத்தது, பெல் விண்ணப்பம் கொடுத்த அதே 1876 பிப்ரவரி 14 அன்று. காப்புரிமை பெல்லுக்கு மார்ச் 7 அன்று கிடைத்தது. 2002-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை மெயுச்சியின் பங்களிப்பைப் போற்றித் தீர்மானம் போட்டது. ஒரே அருங்காட்சியகத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வர வேண்டாம் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான். ஒரே காலத்தில் பலர் ஒரே கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். காப்புரிமையும் முதலீடும் யாரிடம் சேர்ந்தனவோ அவர் பெயர் நின்றது.

கருவியைவிட எக்ஸ்சேஞ்ச் முக்கியம் என்பேன். 10 பேரை ஒருவருக்கொருவர் நேரடியாகக் கம்பியால் இணைக்க 45 கம்பிகள் போதும். 1,000 பேர் என்றால் ஏறக்குறைய 5 லட்சம் கம்பிகள் வேண்டும். எல்லாக் கம்பியையும் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, வேண்டியபோது மட்டும் இருவரை இணைத்தால் ஆயிரம் கம்பியே போதும். இந்தக் கணக்கு இல்லாவிட்டால் தொலைபேசி பணக்காரர் வீட்டு விளையாட்டுப் பொருளாகவே இருந்திருக்கும். 1878 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவனில் 21 சந்தாதாரர்களுடன் வணிக எக்ஸ்சேஞ்ச் தொடங்கியது. முதலில் தந்தி அலுவலகச் சிறுவர்களை ஆபரேட்டராக வைத்தார்கள். அவர்கள் வாடிக்கையாளரிடம் துடுக்காகப் பேசினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பாஸ்டனில் எம்மா நட் வேலைக்குச் சேர்ந்தார். அதிலிருந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேல் உலகத்தின் பேச்சை இணைத்தது பெரும்பாலும் பெண்களின் கைகள்தான். லண்டன் வட்டாரத்தின் கடைசிக் கைவழி எக்ஸ்சேஞ்ச் என்ஃபீல்டில் 1960 வரை ஓடியது. அதன் ஒரு பகுதியை சயின்ஸ் மியூசியத்தில் பார்க்கலாம். அதன் முன் நின்றால் மேசையின் அகலத்தைக் கவனியுங்கள். ஓர் ஆபரேட்டர் இருக்கையை விட்டு எழாமல் எட்டக்கூடிய அளவுதான் அது. மனித உடம்பின் அளவே அந்த இயந்திரத்தின் அளவைத் தீர்மானித்தது.

ஆளில்லாமல் இணைக்கும் வழியைக் கொண்டுவந்தவர் ஆல்மன் ஸ்ட்ரோஜர். கன்சாஸ் சிட்டியில் சவ அடக்கத் தொழில் செய்தவர். தனக்கு வரும் அழைப்புகளை ஆபரேட்டர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற கோபத்தில்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1891-இல் காப்புரிமை கிடைத்தது, 1892 நவம்பரில் இண்டியானாவின் லா போர்ட் நகரில் அவருடைய முறையில் எக்ஸ்சேஞ்ச் ஓடியது. பிற்காலத்தில் செம்மையான வடிவத்தில் அது வேலை செய்யும் விதம் அழகானது. நீங்கள் 7 என்று சுழற்றிவிட்டால் டயல் திரும்பி வரும்போது மின்னோட்டம் ஏழு முறை அறுந்து சேரும். எக்ஸ்சேஞ்சில் ஒரு உலோகக் கை ஏழு படி மேலே ஏறும். அடுத்து 3 சுழற்றினால் அதே கை மூன்று படி பக்கவாட்டில் திரும்பும். பத்து வரிசை, வரிசைக்குப் பத்து இணைப்பு, ஆக நூறு. நீங்கள் வீட்டில் விரலால் செய்ததை, ஊரின் நடுவில் ஒரு இரும்புக் கை அதே கணத்தில் செய்துகொண்டிருந்தது.

இந்த உலோகக் கை கொண்ட கருவிக்கு ஸெலக்டர் என்று பெயர். அசையாத ஸ்ட்ரோஜர் ஸெலக்டரைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் இதில் ஒன்றும் புரியாது. டயல் செய்து, அது ஏறுவதைப் பார்த்து, அந்தச் சடசடவென்ற ஓசையைக் கேட்டால் ஐந்தே நிமிடத்தில் குழந்தைக்கும் புரிந்துவிடும். இங்கிலாந்தின் ஏவன்கிராஃப்ட் அருங்காட்சியகத்தில் பலவகைத் தொலைபேசிக் கூண்டுகளைச் சேர்த்து, ஒரு ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சோடு இணைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு கூண்டிலிருந்து இன்னொரு கூண்டுக்குப் பேசலாம்.

ஓடும் எக்ஸ்சேஞ்ச் என்றால் அமெரிக்காவின் சியாட்டிலில் இருக்கும் கனெக்‌ஷன்ஸ் மியூசியத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. இன்னமும் தொலைபேசி நிறுவனம் பயன்படுத்தும் ஒரு கட்டடத்தின் மாடிகளில் அது இருக்கிறது. உலகில் இன்னும் ஓடும் ஒரே பேனல் எக்ஸ்சேஞ்ச் அங்கேதான் என்கிறார்கள். ஆளுயரத்துக்கும் மேல் நிற்கும் பலகைகளில் நூற்றுக்கணக்கான இணைப்பு முனைகள்; இடைவிடாமல் சுற்றும் மோட்டார் உருளைகளைப் பற்றிக்கொண்டு நீண்ட தண்டுகள் மேலும் கீழும் ஓடி உரிய முனையில் நிற்கும். நீங்கள் டயல் செய்த எண்களை முதலில் தனியே நினைவில் வாங்கிக்கொண்டு, பிறகு இயந்திரம் தன் வசதிப்படி அவற்றை மாற்றிப் பயன்படுத்தும். கணினி வருவதற்கு முன்பே ரிலேக்களாலும் (மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்சுகள்) மோட்டார்களாலும் ஒரு பெரிய தர்க்க இயந்திரம் ஊரெல்லாம் இயங்கியது என்பதற்கு அது உயிருள்ள சாட்சி. அதற்குப் பின் வந்த கிராஸ்பார் என்ற எக்ஸ்சேஞ்ச் வகைகளும் அங்கே ஓடுகின்றன. இவற்றை ஓட்டுபவர்கள் தன்னார்வலர்கள். பழைய வரைபடங்களைப் படித்து, அந்தத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களிடம் கேட்டு, ஒவ்வொரு ரிலேயாக மீட்டெடுத்திருக்கிறார்கள்.

ஓடவிட்டால் தேயுமே, பழைய பொருளைத் தேய விடலாமா என்று பாதுகாப்பு வல்லுநர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. தேய்ந்த பாகத்தை மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் அசல் எவ்வளவு மிஞ்சும்? ஆனால் எக்ஸ்சேஞ்ச் விஷயத்தில் நான் ஓட்டுபவர்கள் பக்கம். ரிலேவும் ஸெலக்டரும் அசையாமல் கிடந்தால் தொடுமுனைகளில் படலம் படியும், எண்ணெய் இறுகும், கைகள் சிக்கிக்கொள்ளும். அதைவிடப் பெரிய இழப்பு, எப்படிப் பழுதுபார்ப்பது என்ற கைப்பழக்கம். அது எந்தக் கையேட்டிலும் முழுதாக இல்லை. இயந்திரம் ஓடினால்தான் பழுது வரும், பழுது வந்தால்தான் தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டிக்கொடுக்க முடியும். ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் கிடைத்தால் ஒன்றைத் தொடாமல் பூட்டி வைத்துவிட்டு, மற்றதை ஓட்டலாம். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றாலும் நான் ஓட்டத்தான் சொல்வேன்.

அந்தக் கைப்பழக்கம் வேறு எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் தொலைபேசிப் பொறியாளர் டாமி ஃபிளவர்ஸ், எக்ஸ்சேஞ்சுகளில் வால்வுகளை (பழைய ரேடியோக்களில் இருந்த வெற்றிடக் குழாய்கள்) பயன்படுத்திப் பார்த்தவர். வால்வுகளை அடிக்கடி அணைத்துப் போடாமல் எரியவிட்டே வைத்தால் அவை நம்பகமாக உழைக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான வால்வு வைத்த இயந்திரம் வேலைக்கு ஆகாது என்று மற்றவர்கள் சந்தேகப்பட்டபோது, ஏறக்குறைய 1,600 வால்வுகளுடன் கொலாசஸ் என்ற மறைகுறியுடைப்பு இயந்திரத்தைக் கட்டினார். 1944 தொடக்கத்தில் அது பிரிட்டனின் மறைகுறியுடைப்பு மையமான பிளெச்லி பார்க்கில் வேலையைத் தொடங்கியது. போருக்குப் பின் ரகசியம் காக்க வரைபடங்களை எரித்துவிட்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்து டோனி சேல் தலைமையில் ஒரு குழு, எஞ்சிய சில நிழற்படங்களையும் பொறியாளர்கள் வைத்திருந்த துண்டுக் குறிப்புகளையும் கொண்டு அதைத் திரும்பக் கட்டியது. அதற்குத் தேவையான பாகங்கள் பல, கழித்துக்கட்டப்பட்ட பழைய தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளிலிருந்து கிடைத்தன. பிளெச்லியில் இருக்கும் தேசியக் கணினி அருங்காட்சியகத்தில் அது ஓடுவதைப் பார்க்கலாம்.

வானொலித் தந்தியில் எல்லாரும் மார்க்கோனி 1901 டிசம்பர் 12 அன்று நியூஃபவுண்ட்லாந்தில் 'எஸ்' என்ற எழுத்தின் மூன்று புள்ளிகளைக் கேட்டதைச் சொல்வார்கள். நான் சுவீடனின் கிரிமெட்டனைச் சொல்வேன். 1924-இல் இயங்கத் தொடங்கிய அந்த நிலையத்தில் மின்னணுப் பாகம் எதுவும் இல்லாமலே வானொலி அலையை உண்டாக்கினார்கள். எர்ன்ஸ்ட் அலெக்சாண்டர்சன் வடிவமைத்த மின்னாக்கி, ஒரு கனத்த எஃகுத் தட்டை அதிவேகத்தில் சுற்றியே 17.2 கிலோஹெர்ட்ஸ் அலையைத் தருகிறது. 127 மீட்டர் உயரமுள்ள ஆறு கோபுரங்கள் ஆண்டெனாவைத் தாங்குகின்றன. 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அதை ஏற்றது. இன்றும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளிலும் ஆண்டின் நடுவில் ஒரு நாளிலும் அதை ஓட்டி எஸ்.ஏ.க்யூ என்ற அழைப்புக் குறியோடு மோர்ஸ் செய்தி அனுப்புவது வழக்கம். அந்த அலைவரிசை கணினியின் ஒலி அட்டை எட்டும் எல்லைக்குள் இருப்பதால், நீண்ட கம்பியும் தக்க மென்பொருளும் இருந்தால் வெகுதூரத்தில் இருப்பவர்கள்கூட அதைப் பிடித்துவிடுகிறார்கள். நூறாண்டு தாண்டிய ஓர் அனுப்பும் கருவியும் இன்றைய கணினியும் நேரே பேசிக்கொள்வது வேறு எங்கும் எளிதில் காணக் கிடைக்காது.

செயற்கைக்கோள் காலத்துக்கு பிரான்ஸின் பிளேமூர்-போதூ. 1962 ஜூலை 10 அன்று ஏவிய டெல்ஸ்டார் வழியாக அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த தொலைக்காட்சிப் படத்தை அன்றிரவு அங்கே பிடித்தார்கள். டெல்ஸ்டார் தாழ்வாகச் சுற்றியதால் ஒவ்வொரு சுற்றிலும் 20 நிமிடம் போல மட்டுமே இரு கரைக்கும் தெரியும். அதனால் 340 டன் எடையுள்ள கொம்பு வடிவ ஆண்டெனா அதைத் துல்லியமாகத் தொடர்ந்து திரும்ப வேண்டியிருந்தது. காற்று அழுத்தத்தால் மட்டுமே உப்பி நிற்கும், 64 மீட்டர் குறுக்களவுள்ள வெள்ளைக் கூடாரத்துக்குள் அந்த ஆண்டெனா இன்னும் இருக்கிறது. டெல்ஸ்டார் 1963 பிப்ரவரியிலேயே செயலிழந்துவிட்டது. ஆனால் வானில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் பொருள்கள். இனி வருவதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. 1965-இல் அமெரிக்காவின் சக்கசன்னா என்ற ஊரில், நினைவகத்தில் எழுதி வைத்த நிரலின்படி அழைப்புகளை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச் வந்தது. அதிலிருந்து எக்ஸ்சேஞ்சின் மூளை மென்பொருளுக்குள் போய்விட்டது. பெட்டியைக் காப்பாற்றினாலும் அதற்குள் ஓடிய நிரல் தொலைந்தால் மிச்சம் வெறும் பெட்டிதான். நிரல் கிடைத்தாலும் உரிமம், கடவுச்சொல், விட்டுப்போன ஆவணங்கள் என்று தடைகள். தொலைபேசிக் கம்பி வழியாகத் திரையில் தகவல் தந்த பிரான்ஸின் மினிடெல் இதற்கு நல்ல உதாரணம். 1982-இல் நாடு முழுவதும் தொடங்கி, லட்சக்கணக்கான வீடுகளுக்கு முனையக் கருவியைக் கொடுத்து, 2012 ஜூன் 30 வரை ஓடிய சேவை. கருவிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. மக்கள் அதில் என்ன பார்த்தார்கள், எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பது மறுமுனைக் கணினிகளில் இருந்தது. அவை அணைந்தன.

கைப்பேசியும் அப்படித்தான். 1973 ஏப்ரல் 3 அன்று மார்ட்டின் கூப்பர் நியூயார்க் தெருவில் பேசிக் காட்டிய கருவியின் வழியில் வந்து 1983-இல் சந்தைக்கு வந்த முதல் மாடலை எங்கும் காட்சிக்கு வைக்கலாம். ஆனால் அது பேசிய வலையமைப்பு போய்விட்டது. 2ஜி-யும் 3ஜி-யும் நாடு நாடாக நிறுத்தப்படும்போது, நேற்றுவரை ஓடிய போன்கள் ஒரே இரவில் ஊமையாகின்றன. இதற்கு மாற்றாக ஆஸ்மோகாம் போன்ற கட்டற்ற மென்பொருள் குழுக்கள் சிறிய கைப்பேசி நிலையத்தையே சொந்தமாக ஓட்டி, பழைய போன்களுக்கு மறுபடி சிக்னல் கொடுக்கிறார்கள். இன்னொரு பக்கம் சேகரிப்பாளர்கள், தங்களிடம் இருக்கும் பழைய எக்ஸ்சேஞ்சுகளை இணையம் வழியாக ஒன்றோடொன்று கோத்து, ஒரு கண்டத்து வட்ட டயலிலிருந்து இன்னொரு கண்டத்து மணியை அடிக்க வைக்கிறார்கள். நான் மேலே கேட்ட 'நடு'வைக் காப்பாற்றும் வேலை என்றால் இதுதான். பெரிய நிறுவனங்களைவிட ஆர்வலர்களே இதில் முன்னால் நிற்கிறார்கள்.

ஆனால் ஆர்வலர்களை மட்டும் நம்பியிருப்பதில் ஆபத்தும் உண்டு. 2015-இல் கலிஃபோர்னியாவில் பரவிய காட்டுத்தீயில் ஒரு தொலைபேசி அருங்காட்சியகம் முழுதாக எரிந்துபோனது. பல பத்தாண்டுச் சேகரிப்பு போயிற்று. மற்ற சேகரிப்பாளர்கள் பொருள் கொடுத்து உதவ, வேறு ஊரில் அது மீண்டும் எழுந்தது. பிரிட்டனில் பிரிட்டிஷ் டெலிகாம் தன் பெரிய சேகரிப்பைப் பல அருங்காட்சியகங்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டது. ஒரே இடத்தில் முழுக் கதையையும் பார்க்கும் வாய்ப்பு போனது, ஆனால் ஒரு தீயில் எல்லாம் அழியும் ஆபத்தும் போனது. இரண்டில் எது மேல் என்று கேட்டால், பிரித்து வைத்ததே மேல் என்பேன். ஓர் அறக்கட்டளையின் ஆதரவோடு நிலைத்து நிற்பவற்றில் ஜெர்மனியின் பெர்லின், ஃபிராங்க்ஃபர்ட், நூரம்பெர்க் நகரங்களில் உள்ள தொடர்பாடல் அருங்காட்சியகங்களைச் சொல்லலாம். பெர்லினில் இருப்பதன் வேர் 1872-இல் ஹைன்ரிஹ் ஃபோன் ஸ்டெஃபான் தொடங்கிய அஞ்சல் அருங்காட்சியகம்.

சரி, போகும்போது என்ன செய்யலாம்? தன்னார்வலர்கள் நடத்தும் இடங்கள் பெரும்பாலும் வாரத்தில் ஓரிரு நாள்தான் திறந்திருக்கும். முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். உள்ளே போனதும் போன்களுக்கு முன்னால் அதிக நேரம் நிற்காமல், கம்பிகள் எங்கே போகின்றன என்று கேட்டு அந்தப் பக்கம் போங்கள். இயந்திரத்தின் முகத்தைப் பார்த்த பிறகு முதுகையும் காட்டச் சொல்லுங்கள். வேலை நடப்பது அங்கேதான். ஒரு அழைப்பைப் போட்டுக் காட்டச் சொல்லி, அது தொடக்கம் முதல் முடிவு வரை எங்கெங்கே போகிறது என்று நடந்தே பின்தொடருங்கள். அங்கே நிற்பவர் அந்தத் துறையில் வேலை பார்த்தவராக இருந்தால், எந்தப் பழுது அவரை அதிகம் தொல்லைப்படுத்தியது என்று கேளுங்கள். உங்கள் வீட்டிலேயே பழைய போன் இருந்தால், அதைவிட அதனோடு வந்த ரசீது, டைரக்டரி, சந்தாதாரர் கையேடு, எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த உறவினரின் குறிப்பேடு ஆகியவற்றைத் தேடி எடுத்துக் கொடுங்கள். ஒரே மாடல் போன் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். அந்தக் காகிதங்கள் பெரும்பாலும் அருங்காட்சியகத்திடம் இருக்காது.